மாத்திரைக்கு ஒரு சீட்டு

சொன்னதைச் சொன்னபடியே செய்வதில் தலையாட்டிப்பட்டிக்காரர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவர்களுடைய சங்கடமே அதுதான்.

அந்த ஊர்க் காத்தவராயனுக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. மனைவி செங்கமலமும் அவள் தம்பிகள் சடையப்பனும் வேலாண்டியும் அவரை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். பிழைப்போமா என்று அவர் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே போனார்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "உங்க ரத்தத்துல ஒரு நொதி கெட்டுப்போய், 'பெருகு, பெருகு'ன்னு ஓயாம கத்துது. அதைக் கேட்டு வெள்ளை அணுக்கள் கண்டபடி பெருகுது. அந்த நொதியில ஒரு சின்னக் குழி இருக்கு. அதுல சத்து வந்து உட்கார்ந்தாத்தான் அதால கத்த முடியும். இந்த மாத்திரை முந்திப் போய் அங்க உட்கார்ந்துக்கும். பஸ்ல துண்டு போட்டு இடம் புடிக்கிற மாதிரி. தினமும் சாப்பிட்டதும் ஒண்ணு. நிறுத்துனா இடம் காலியாயிடும்."

எல்லோரும் தலையாட்டினார்கள்.

மறுநாள் காலை காத்தவராயன் இட்லி சாப்பிட்டு முடித்தார். வேலாண்டி வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டான்.

"மச்சான், வாயைத் திறங்க."

"ஏண்டா அவ்வளவு தூரத்துல நிக்கிற?"

"உள்ள ஏறிப்போயா துண்டு போடுவாங்க? வெளிய நின்னு ஜன்னல் வழியாத்தான் போடணும்."

"துண்டும் சேர்ந்து போகட்டும்டா. வெறும் மாத்திரைன்னா எவனாச்சும் தள்ளிவிட்டுட்டு உட்கார்ந்துருவான்" என்றான் சடையப்பன்.

நியாயம்தான். வேலாண்டி இரண்டையும் சேர்த்து வீசினான். துண்டு மச்சான் முகத்தை மூடியது. மாத்திரை மண்ணில் விழுந்தது. சிவப்புக் கோழி கொத்திக்கொண்டு ஓடியது.

"போச்சு! கோழிக்குள்ள இடம் புடிச்சிருச்சு!"

"கோழிகிட்ட அந்தக் கெட்ட நொதியே கிடையாதேடா" என்று யோசித்தான் சடையப்பன். "மாத்திரை உட்கார இடமில்லாம நின்னுக்கிட்டே இருக்கும், பாவம்."

"டேய், என் இடம் காலியாக் கிடக்குடா!" என்று துண்டுக்குள்ளிருந்து அலறினார் காத்தவராயன்.

செங்கமலம் விளக்குமாற்றோடு வந்தாள். தம்பிகள் வேலிக்கு அந்தப் பக்கம் போனார்கள். அவள் வேறு மாத்திரை எடுத்து, சொம்புத் தண்ணீரோடு புருஷன் கையில் கொடுத்தாள்.

"இடம் புடிக்கிறது மாத்திரையோட வேலை. முழுங்குறது உங்க வேலை."

அன்றிலிருந்து தினமும் அவளே கொடுத்தாள். ஆனால் அவள் வயலுக்குப் போனதும் தம்பிகள் நாற்காலி, கட்டில், ஆட்டுக்கல் எல்லாவற்றிலும் துண்டு போட்டார்கள். அந்த நொதி வெளியே வந்து உட்கார்ந்து கத்தினால் என்ன செய்வது?

"கால் கடுக்குதுடா" என்றார் காத்தவராயன்.

"உங்களுக்காகத்தானே இடம் புடிச்சிருக்கோம்? அதுல நீங்களே உட்காரலாமா மச்சான்?"

உயிராசை யாரை விட்டது? அவர் நின்றார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாளில் செங்கமலத்துக்கு நடவு வேலை. தம்பிகள் மட்டும் கூடப் போனார்கள். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைப் பார்த்துச் சிரித்தார். "வெள்ளை அணுக்கள் நல்லாக் குறைஞ்சிருக்கு. மாத்திரை கேக்குது. ஆனா கால் ஏன் வீங்கியிருக்கு?"

"நிக்கிறேன் டாக்டரம்மா."

"எதுக்கு?"

"உட்கார்ந்தா இடம் போயிடும்."

டாக்டரம்மா ஒரு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். "தாராளமா உட்காருங்க. மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க" என்று புது டப்பா கொடுத்தார்.

பிழைத்துவிட்டோம் என்று காத்தவராயனுக்குக் கண் கலங்கியது. திரும்பும்போது பஸ்ஸில் ஒரே ஒரு சீட்டுதான் காலி. வேலாண்டி ஜன்னல் வழியாகத் துண்டு போட்டான். அதன்மேல் காத்தவராயன் டப்பாவை அலுங்காமல் வைத்தார். மூவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுற்றி நின்றார்கள்.

"பெரியவரே, கால் வீங்கிக் கிடக்கு. உட்காருங்களேன்" என்றார் கண்டக்டர்.

"ஆள் இருக்குப்பா. நாளையிலேருந்து எனக்காக உள்ள உட்காரப் போற புள்ளை. இப்பவே பழகட்டும்."

"அப்ப அதுக்கும் டிக்கெட் எடுங்க."

காத்தவராயன் டப்பாவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னும் மூடியே திறக்கலை. பச்சைக் குழந்தை. அரை டிக்கெட் போடுங்க."