இடது பக்கம் கேட்காத மூச்சு

ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் நப்பின்னை என்றொரு மாணவி இருந்தாள். புத்தகத்தோடும் பிணத்தோடும் பழகியிருந்தாளே தவிர, உயிருள்ள நோயாளியை அதுவரை தொட்டுப் பார்த்ததில்லை. ஆண்கள் வார்டில் அது அவளுக்கு முதல் வாரம். நோயாளிகள் நிமிர்ந்து பார்த்தாலே பயமாக இருந்தது. பிணம் திரும்பிப் பார்ப்பதில்லை.

அங்கே அவளுக்கு ஆசிரியை டாக்டர் சகாயராணி. அதிகம் பேசமாட்டார். மாணவர்களைக் கட்டிலருகே நிறுத்தி, பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்பார். அவர் நடத்திய பாடம் அவ்வளவுதான்.

அன்று காலை அவர்கள் பார்க்க வேண்டியவர் காத்தமுத்து. அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர். ஒல்லியாக, நெடுநெடுவென்று இருந்தார். விடியும்போது மூச்சுத் திணறலோடு வந்தவரை ஆஸ்துமா என்று சேர்த்திருந்தார்கள். எக்ஸ்ரே இன்னும் எடுக்கவில்லை. மனைவி அன்னக்கொடி பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தாள்.

முதலில் உடன் படிக்கும் இரண்டு பையன்கள் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் மூச்சு சமமாக இருக்கிறது என்றார்கள். பிறகு நப்பின்னையின் முறை.

வலது பக்கம் காற்று போய்வரும் சத்தம் கேட்டது. இடது பக்கம் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. காதில் சரியாகச் செருகவில்லையோ என்று கழற்றி மாட்டிக்கொண்டு மறுபடி வைத்தாள். ஆளில்லாத வீட்டின் கதவில் காது வைத்த மாதிரி இருந்தது.

தன் காதுதான் மோசம் என்று நினைத்தாள். கேட்கவில்லை என்று இவள் சொல்லி, மேடத்துக்குக் கேட்டுவிட்டால்? ஹாஸ்டல் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

"என்ன கேட்டது?" என்றார் சகாயராணி.

"ரெண்டு பக்கமும் சமமா இருக்கு, மேடம்."

அன்னக்கொடி அதைக் கேட்டுவிட்டு அவளைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அதற்குள் இரண்டு கட்டில் தள்ளி ஒருவருக்கு வலிப்பு வந்துவிட்டதென்று நர்ஸ் கூப்பிட்டார். இதோ வந்து இவரை நானே பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சகாயராணி அங்கே விரைந்தார். மாணவர்களும் பின்னால் போனார்கள். நப்பின்னையின் கால்கள் போயின, கண் போகவில்லை. காத்தமுத்துவின் நெஞ்சு வலது பக்கம் மட்டும்தான் ஏறி இறங்கியது. இடது பக்கம் பலகை மாதிரி கிடந்தது.

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். முதலில் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பார்களே. வாயை மூடிக்கொண்டாள்.

காத்தமுத்து எழுந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை. கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தார். உதடு நீலமாகியது. அன்னக்கொடியின் விசிறி நின்றுபோனது.

"மேடம், இவருக்கு இடது பக்கம் மூச்சே இல்லை," என்றாள் நப்பின்னை. "அப்பவே இல்லை."

சகாயராணி அவளை ஒன்றும் கேட்கவில்லை. ஓடிவந்து காத்தமுத்துவின் நெஞ்சில் விரலால் தட்டினார். காலிக் குடத்தைத் தட்டுவது போலச் சத்தம் வந்தது. நுரையீரலில் ஓட்டை விழுந்து, வெளியே கசிந்த காற்று நெஞ்சுக்குள் தேங்கி அந்த நுரையீரலையே நசுக்கிக்கொண்டிருந்தது. நோயாளியின் கையைப் பிடித்துக்கொள்ள நப்பின்னையிடம் சொல்லிவிட்டு, தடித்த ஊசி ஒன்றை விலா எலும்புகளுக்கு நடுவே இறக்கினார். சைக்கிள் டியூபில் காற்று இறங்குவது போல உஸ்ஸென்றது.

காத்தமுத்துவின் கை ஜில்லென்று இருந்தது. இந்தக் கை இப்போது விட்டுவிடுமோ என்று நப்பின்னை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு ஏறியது. நெஞ்சில் குழாய் போட்டு முடித்தபோது அவர் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார்.

"நீ சொல்லலேன்னா போயிருப்பாரு தாயி," என்று அன்னக்கொடி நப்பின்னையின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள்.

அதை நப்பின்னையால் தாங்க முடியவில்லை. கை கழுவும் இடத்துக்குச் சகாயராணியின் பின்னாலேயே போனாள். முதலிலேயே தெரிந்தும் மறைத்ததைச் சொன்னாள். இரண்டு பையன்களுக்குப் பயந்து ஒரு மனிதரைச் சாகக் கொடுக்க இருந்ததைச் சொன்னாள்.

"நான் வீட்டுக்குப் போயிடறேன், மேடம். இவ்வளவு பயந்தவளுக்கு இந்த வேலை ஆகாது."

சகாயராணி கையைத் துடைத்தார். நப்பின்னையின் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து அவள் காதில் மாட்டினார். மறுமுனையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"என்ன கேட்குது?"

அவர் முகத்தில் சலனமே இல்லை. நப்பின்னை கேட்டாள். கேட்டதை நம்ப முடியாமல் அந்த முகத்தைப் பார்த்தாள். பேராசிரியரிடம் இதை எப்படிச் சொல்வது?

"படபடன்னு அடிச்சுக்குது, மேடம்," என்றாள் கடைசியில். "ரொம்ப வேகமா."

"சரியாத்தான் கேட்டிருக்கே."

சகாயராணி ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டுவிட்டார்.

"உன்னை மாதிரி வந்து நின்ன நாள்லேருந்து இது இப்படித்தான் அடிச்சுக்குது. இது அடங்கிப்போற அன்னைக்கு நானும் வீட்டுக்குப் போயிடுவேன்."