ஜமீன்தாரின் கைக்குள் வந்த திருடன்

இது என் நாத்தனார் மரகதம், என் மூத்தவனின் காதுகுத்து அன்று சொன்னது.

வெளிநாட்டிலிருந்து கப்பலில் பனிக்கட்டி வந்திறங்கிய காலம். அதைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஜமீன்தார், விருந்துக்கு ஒரு மூட்டை கேட்டார். வண்டிக்காரன் சடையாண்டி துறைமுகத்திலிருந்து உமியில் பொதிந்து கொண்டுவந்தும், வழியெல்லாம் உருகி எலுமிச்சை அளவுதான் மிஞ்சியது.

"மிச்சத்தைத் திருடிட்டியேடா! புளியமரத்துல கட்டி உரிங்கடா இவனை!"

சடையாண்டி முருகனை நினைத்துக்கொண்டான். "திருடன் வேற ஆளு, எஜமான். இதுக்கும் வருவான். நீங்களே கையில இறுக்கிப் பிடிங்க, அகப்படுவான்."

ஜமீன்தார் பிடித்தார். விரல் மரத்தும் விடவில்லை. முழங்கை வழியே தண்ணீர் சொட்டியது. விரித்தால் கை காலி!

"எஜமான் கைக்குள்ளயே புகுந்துட்டானே! இப்ப யாரைக் கட்டணும்?"

விருந்தாளிகள் சிரித்தார்கள். கயிறு பிடித்தவனும் சிரித்துக் கயிற்றைக் கீழே போட்டான்.

கதையை முடித்து மரகதம் பிள்ளைகளிடம் சொன்னது: வெயிலில் வருகிறவருக்கு முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள், கண்ணுகளா. கேள்வியெல்லாம் அப்புறம்.