ஆயுளுக்கும் என்று விற்ற நூல்

முட்புதர்க் காட்டில் பேச்சி என்றொரு கௌதாரி இருந்தது. கௌதாரி தரையில்தான் முட்டையிடும். முதல் தடவை இட்ட முட்டைகளையெல்லாம் ஒரு பாம்பு விழுங்கிவிட்டது. மறுபடியும் முட்டையிட்ட பேச்சி, இரை தேடப் போகவே பயந்து, பட்டினியோடு அடைகாத்தது.

அப்போது மேலே கிளையிலிருந்து ஒரு சிலந்தி இறங்கி வந்தது.

"அக்கா, எதற்கு இந்தக் கவலை? உன் கூட்டைச் சுற்றி ஒரு நூல் இழுத்துக் கட்டுகிறேன். நூல் முனையில் கிலுகிலுப்பைக் காய்களைத் தொங்கவிடுகிறேன். பாம்பு நூலில் பட்டால் காய் கலகலவென்று சத்தம் போடும். பக்கத்தில் எங்கே மேய்ந்தாலும் உனக்குக் கேட்டுவிடும்!"

"என்ன விலை?"

"ஒரு குவியல் ஈசல். ஒரே தடவை கொடுத்தால் போதும். ஆயுளுக்கும் நூல் உன்னுடையது!"

மழை பெய்த நேரம். ஈசலுக்குப் பஞ்சமில்லை. பேச்சி கொண்டுவந்து குவித்தது. சிலந்தியும் நூல் கட்டியது. இரண்டாம் நாளே காய் கலகலத்தது. பேச்சி ஓடிவந்து போட்ட கூச்சலில் பாம்பு திரும்பிப் போய்விட்டது. பேச்சிக்கு உயிர் வந்தது.

பௌர்ணமி வந்தது. கூடவே சிலந்தியும் வந்தது.

"அக்கா, இந்த மாதத்துக் குவியல் எங்கே?"

"அதுதான் கொடுத்துவிட்டேனே! ஆயுளுக்கும் என்றாயே!"

"ஆயுள் என்றது நூலின் ஆயுள். உன் ஆயுள் இல்லை! இனிமேல் பௌர்ணமிக்கு ஒரு குவியல். இல்லையென்றால் நூலை அறுத்துவிடுவேன்."

"நூல் அறுந்தால் கட்டிக் கொடு, அதற்குக் கூலி கேள், தருகிறேன். நன்றாக இருக்கிற நூலுக்கு எதற்கு மறுபடியும் விலை?"

"இஷ்டமிருந்தால் கொடு. முட்டை உன்னுடையதுதானே!" என்று சிலந்தி கால்களை உரசிக்கொண்டது.

பேச்சி கொத்துவதற்கு அலகைத் தூக்கியது. ஆனால் முட்டைகளைப் பார்த்ததும் கோபத்தை விழுங்கிக்கொண்டது. மழை நின்றுவிட்டதால் ஈசலும் இல்லை. தூரத்துப் புற்றுகளைக் கிளறிக் கறையானாவது கொண்டுவரலாம் என்று கிளம்பியது. கட்டாந்தரையைக் கீறிக் கீறி நகம் தேய்ந்தது. மறுநாள் விடிந்து அலகு நிறையக் கறையானோடு திரும்பி வந்தபோது, நூல் தரையில் அறுந்து கிடந்தது. கூட்டில் ஒரு முட்டையைக் காணோம். மண்ணில் பாம்பு ஊர்ந்துபோன தடம்.

"ஏன் அறுத்தாய்?" என்று பேச்சி அலறியது.

"பௌர்ணமி நேற்றோடு முடிந்துவிட்டதே!"

"உனக்காகத்தானே மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தேன்!"

"அது எனக்கு எப்படித் தெரியும்? என் வழக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான்."

பேச்சி அலகிலிருந்த கறையானை அதன் முகத்துக்கு நேரே துப்பியது. "என் குஞ்சைத் தின்றது பாம்பு இல்லை, நீ! பயத்தை விலை பேசி விற்கிற நீ!"

அந்தச் சத்தத்தில் புதர்க்காடே விழித்துக்கொண்டது. காடை எட்டிப் பார்த்தது. முள்ளெலி பொந்தைவிட்டு வெளியே வந்தது.

"எனக்கும் ஒரே தடவை என்றுதான் சொன்னான்!" என்றது காடை.

"எனக்கும்தான்! போன பௌர்ணமிக்கு என் குட்டிகளைப் பட்டினி போட்டு இவனுக்குக் கொடுத்தேன்," என்றது முள்ளெலி.

"அப்போதே ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று பேச்சி சீறியது.

காடை தலையைக் குனிந்துகொண்டது. "நான் மட்டும்தான் ஏமாந்தேன் என்று வெட்கமாக இருந்தது."

"வெட்கப்பட வேண்டியது அவன்! இனிமேல் யாரும் அவனுக்கு ஒரு கறையான்கூடக் கொடுக்கக் கூடாது!"

அன்றே எல்லாமாகச் சேர்ந்து, குளத்தங்கரை ஈச்சமரத்தில் கூடு பின்னிக்கொண்டிருந்த தூக்கணாங்குருவியிடம் போயின. குருவி கேட்டுவிட்டுச் சொன்னது: "புல் நாரில் கட்டித் தருகிறேன். ஒரு குவியல் கொடுங்கள். மழையில் நைந்து அறுந்தால் கூப்பிடுங்கள், கட்டிய வேலைக்குக் கூலி வாங்கிக்கொள்கிறேன். அறாத வரைக்கும் நார் உங்களுடையது. நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்."

எல்லா வாசலிலும் கிலுகிலுப்பைக் காய்களோடு நார் ஏறியது. சிலந்தி ஓடோடி வந்தது.

"அக்கா! உனக்கு மட்டும் அரைக் குவியல்! அதுவும் வேண்டாம், இந்த மாதம் இலவசம்!"

"உன்னைக் கொத்தி விழுங்க எனக்கு ஒரு நொடி ஆகாது. என் முட்டைக்குப் பக்கத்தில் உன் நாற்றம்கூட வேண்டாம் என்றுதான் விடுகிறேன். போ!"

சிலந்தி போனது. அந்தக் காட்டில் அதன் நூலைத் தொட ஆளில்லை. பேச்சியின் முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகளை அழைத்துக்கொண்டு மேயப்போகும்போது, சிலந்தி இருந்த கிளையைக் கண்டாலே பேச்சிக்கு இன்றும் இறகெல்லாம் சிலிர்க்கும். இழந்த முட்டை இழந்ததுதானே!

நீதி: விற்ற பொருளைத் தன் பிடியிலேயே வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி விலை கேட்பவன் வியாபாரி அல்ல, வழிப்பறிக்காரன், அவனுக்குப் பயந்து தனித்தனியே கொடுக்காமல், கூடி நின்று மறுத்துவிட வேண்டும்.