கோஜோவின் நாற்காலி

"ஏழு ஆட்டம் ஆடியாச்சு டீச்சர். ஒரு கோல் இல்ல. அவனுக்கு என்னதான் கொறை?" என்று கேட்டார் கிளீட்டஸ்.

ரெஜிலா டீச்சர் நின்றபடியே கோல் வலையில் கிழிந்த இடத்தைத் தைத்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர். வயது முப்பத்து நாலு. கிளீட்டஸுக்கு ஐம்பத்தாறு. ஆனாலும் பந்து விஷயத்தில் எங்கள் கடற்கரையில் டீச்சர் சொன்னால் சொன்னதுதான். சிக்கல் என்னவென்றால், லேசில் சொல்ல மாட்டார்.

கிளீட்டஸ் எங்கள் ரசிகர் சங்கத் தலைவர். கானாவிலிருந்து கோஜோவைக் கூட்டிவர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர். அதற்காக ஒவ்வொரு வள்ளமும் ஒரு நாள் மீன்பாட்டின் பணத்தைக் கொடுத்தது. ஏழு பேர் ஆடுகிற எங்கள் அணிக்கு இத்தனை விலையில் ஒரு ஆள் வந்தது அதுதான் முதல் தடவை.

விலை கூடின ஆள் அல்லவா! கிளீட்டஸ் தன் வீட்டிலிருந்து கைவைத்த நாற்காலி கொண்டுவந்து மைதானத்தில் போட்டார். கோஜோ அதில் உட்காருவான். ஒருத்தர் குடை பிடிப்பார், இன்னொருத்தர் இளநீர் வெட்டுவார். தினமும் நெய்மீன் பொரியல்.

மற்றப் பையன்கள் கோல் போஸ்ட் தூக்குவார்கள், மண்ணுக்குத் தண்ணீர் தெளிப்பார்கள். கோஜோ கைகொடுக்க எழுந்தால், "நோ, நோ! இருங்க பிரதர்!" என்று பத்துப் பேர் பிடித்து உட்காரவைப்போம். நானும்தான்.

ஆட்டத்தில் பந்தைத் தவறவிட்டால் "சாரி" என்பான். எங்கள் பையன்கள் "பரவால்ல பிரதர்" என்பார்கள். சாரி, பரவால்ல, சாரி, பரவால்ல. கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனது.

மீன் ஏலக்கூடத்தில் தினமும் இதே பேச்சுதான்.

"அவன் நல்லாத்தான் ஓடுகான். நம்ம பயலுவ பந்து குடுக்கது செரியில்ல."

"குடுத்தா மட்டும்? காலுல பட்டு வேலிக்குல்லா போவுது!"

"கண்ணு பட்டுருக்கும்வேய். மொளவா சுத்திப் போடணும்."

"மொளவா வேஸ்டு," என்றார் பனியடிமை. "வெள்ளிக்கிழம அரையிறுதி. அன்னைக்கும் ஒண்ணும் நடக்கலியா, சனிக்கிழம பஸ்ஸுல ஏத்தி அனுப்பிருவோம்."

பனியடிமை கரமடிக்காரர். கரையில் நின்று இரண்டு கயிற்றைப் பிடித்து இழுக்கிற பெரிய வலை அவருடையது. அவர் குரலுக்குக் கடலே கொஞ்சம் பின்வாங்கும். கமிட்டி மொத்தமும் அவர் சொன்னதற்குத் தலையாட்டியது.

அதைக் கேட்டுத்தான் கிளீட்டஸ் டீச்சரிடம் ஓடிவந்தது.

"நாப்பது நாளாச்சு டீச்சர். அந்தப் பய சிரிச்சு நான் ஒரு தடவ பாத்ததில்ல. எனக்க மானம் போனா போவட்டு. அவன இப்படித் தலையத் தொங்கப்போட்டு அனுப்பினா எனக்கு ஒறக்கம் வராது."

டீச்சர் நூலைப் பல்லால் கடித்தார்.

"கோஜோ இப்ப எங்க இருக்காரு?"

"நாற்காலியில."

"நாற்காலி யாருக்க வீட்டுது?"

"எங்க வீட்டுது. மகளுக்கக் கல்யாணத்துக்கு வாங்கினது."

"வீட்டுக்குக் கொண்டு போங்க."

"அப்ப அவன் எங்க இருப்பான்?"

டீச்சர் அடுத்த கிழிசலுக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. ஆட்டம் இருக்கிற நாள் காலையில் அணி முழுக்கக் கரமடி இழுக்கும். எங்கள் ஊர்ப் பழக்கம் அது. கோஜோ மட்டும் நாற்காலியில் இருந்து வேடிக்கை பார்ப்பான். காலில் அடிபட்டால் யார் பதில் சொல்வது?

அன்று கோஜோ வந்தபோது நாற்காலி இல்லை. இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். கிளீட்டஸைப் பார்த்தான். கிளீட்டஸ் பாவம், என்னமோ களவு செய்தவர் மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

டீச்சர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கயிறு பத்தடி தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. கோஜோ செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், எங்கள் அணிப் பையன் ஷாஜினுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தான்.

பின்னாலிருந்து பனியடிமை, கயிற்றில் யார் நிற்கிறார்கள் என்று கூடப் பார்க்காமல் கத்தினார்.

"லேய்! கல்யாணத்துக்கா வந்து நிக்க? குதிங்கால மண்ணுல ஊணுலே!"

அதுவரை கோஜோவை யாரும் ஏசியதில்லை. ஒரு சுடுசொல் சொன்னதில்லை.

"வேய், யாரப் பாத்து என்ன பேசுகீரு!" என்று கிளீட்டஸ் பாய்ந்தார். டீச்சர் கையை நீட்டி மறித்தார்.

கோஜோ ஷாஜினிடம் ஆங்கிலத்தில் என்னவோ கேட்டான். ஷாஜின் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினான். குதிகாலை மண்ணில் ஊன்றச் சொல்கிறார். கூடவே கொஞ்சம் ஏசவும் செய்தார்.

கோஜோ சிரித்தான். ஐயோ, என்ன சிரிப்பு அது! கயிறே குலுங்கிற்று.

"அவரு ஊர்லயும் இதே வலைதானாம்," என்றான் ஷாஜின் எங்களிடம். "அவரு மாமா இதயேதான் சொல்லி ஏசுவாராம்."

கோஜோ குதிகாலை ஊன்றினான். நான் பார்த்தேன், கயிறு ஒரு சாண் தாராளமாகவே வந்தது. அதன்பிறகு பனியடிமை அவனை இன்னும் நாலு தடவை ஏசினார். அத்தனைக்கும் சிரித்தான்.

வலையில் நெத்திலிதான். இழுத்தவர்களுக்கெல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு. கோஜோவுக்கும் அதே அளவுதான் விழுந்தது. நாற்பது நாள் நெய்மீன் தின்றவன் அந்த நெத்திலியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்தான். ஒன்று கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டான்.

வழியெல்லாம் ஷாஜினிடம், பனியடிமை சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டே போனான்.

சாயங்காலம் ஆட்டம். இடைவேளை வரை கோல் இல்லை.

டீச்சர் கோட்டோரமாக நின்றிருந்தார். ஆட்டம் நடக்கும்போது அவர் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. பக்கத்தில் கிளீட்டஸ் நகத்தைக் கடித்துக் கடித்து விரலுக்கே வந்துவிட்டார்.

இடைவேளை முடிந்து பத்து நிமிடம் போயிருக்கும். கோஜோ பந்தைத் தவறவிட்டான். "லேய் கோஜோ! முன்னால ஓடுலே!" என்று ஷாஜின் கத்தினான்.

"என்ன மரியாத இது!" கிளீட்டஸுக்கு முகம் சிவந்துபோனது.

"சும்மா இருங்கண்ணே," என்றார் டீச்சர்.

"எங்க இருக்க? நாற்காலியத்தான் கொண்டு போவச் சொல்லிட்டீங்களே!"

அடுத்த நிமிடமே கோஜோ இடப்பக்கமாகப் புகுந்து பந்தைக் குறுக்கே தள்ளினான். அருமையான பந்து. ஓடிவர வேண்டிய ஷாஜின் நின்று வேடிக்கை பார்த்தான். பந்து வேலிக்குப் போனது.

கோஜோ வாயைத் திறந்தான். சாரிதான் வரப்போகிறது என்று நினைத்தோம்.

"லேய் ஷாஜின்! கல்யாணத்துக்கா வந்து நிக்க? குதிங்கால ஊணுலே!"

மைதானத்தில் எழுந்த சத்தத்தில் தென்னையில் இருந்த காக்கை எல்லாம் பறந்துவிட்டது.

"நீ மொதல்ல பந்த நேரா விடுலே!" என்று ஷாஜின் திருப்பிக் கொடுத்தான். இரண்டு பேரும் ஏசிக்கொண்டே ஓடினார்கள், சிரித்துக்கொண்டே ஓடினார்கள்.

கூட்டத்தில் பனியடிமை எழுந்து நின்றார்.

"அது எனக்க ஏச்சுவேய்! எனக்க ஏச்சு!" மார்பில் தட்டிக்கொண்டார். கமிட்டிக்காரர்கள் பக்கம் திரும்பினார். "பஸ்ஸு கிஸ்ஸுன்னு இனி எவனாவது வாயத் தொறந்தா பாத்துக்கிடுங்க. நாளைக்குக் காலம்பற எனக்குக் கயித்துக்கு ஆளு வேணும்."

கிளீட்டஸ் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று தோள் சொன்னது.

"அண்ணே," என்றார் டீச்சர்.

"என்ன டீச்சர்?"

"அந்த நாற்காலிய எடுத்துட்டு வாங்க."

"கோஜோவுக்கா?"

"எனக்கு."

"இன்னும் கோல் விழலியே டீச்சர்! இருவது நிமிசந்தான் கெடக்கு!"

"வரும்போது ஒரு பொட்டலம் கடலையும் வாங்கிட்டு வாங்க," என்றார் டீச்சர்.