திருப்பித் தட்டிய மரம்

மலைக்காட்டில் மதிலான் என்று ஒரு குரங்கு இருந்தது. கச்சேரி நடத்திப் பிழைப்பதுதான் அதன் தொழில். அது பிறந்தது காட்டில் அல்ல, அடிவாரத்துக் கோயில் மதிலில். ஒருநாள் வாழைத்தார் லாரியில் ஏறித் தின்றபடியே தூங்கிப்போய், கண் விழித்தபோது மலைமேல் இருந்தது.

அதன் வாத்தியங்களைப் பார்த்தால் சிரித்துவிடுவீர்கள். யாரோ வீசிவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலில் புளியங்கொட்டை போட்டு ஒரு கிலுகிலுப்பை. ரப்பர் செருப்பின் வாரை இழுத்துக் கிளையில் கட்டி ஒரு தம்பூரா. தட்டுவதற்கு முள்ளம்பன்றியின் முள். கேட்க வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பழம் கொண்டுவர வேண்டும். வெறுங்கையோடு வந்தால் உட்கார இடம் கிடையாது.

செருப்பு வாரை எத்தனை நாள்தான் கேட்பார்கள்? கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் கரடி மட்டும் வந்தது, அதுவும் பாதியில் குறட்டை விட்டது.

"புதுசா ஒரு வாத்தியம் கிடைக்கலைன்னா என் பொழப்பு நாறிடும்" என்று புலம்பிக்கொண்டே மறுநாள் காலை மதிலான் கிளம்பியது. காட்டின் நடுவே ஒரு பெரிய மரத்தில் ஏறியது. அந்த மரத்தின் பொந்தை யாரோ சேறு பூசி அடைத்திருந்தார்கள். நடுவில் மட்டும் நீளமாக ஒரு சந்து. மதிலான் முள்ளால் லேசாகத் தட்டியது. டொக் என்றது. உள்ளேயிருந்து டொக், டொக் என்று பதில் வந்தது.

மதிலானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடி தட்டியது. மறுபடியும் பதில் வந்தது. திருப்பித் தட்டுகிற மேளம்! இப்படி ஒன்றை எந்தக் கோயிலிலும் அது பார்த்ததில்லை.

ஆனால் சந்து வழியாகக் கிறீச்சென்று ஒரு சத்தமும் கூடவே வந்தது. அது காதைக் குடைந்தது. கச்சேரிக்கு முன்னால் மிருதங்கக்காரர் ஒரு பக்கத்தில் ரவையைக் குழைத்து அப்புவதை மதிலான் மதில்மேல் உட்கார்ந்து பார்த்திருக்கிறது. எதையாவது அப்பினால் நாதம் வரும் என்பதுதான் அது அங்கே கற்ற சங்கீதம் முழுவதும். உடனே பலாப்பாலையும் மண்ணையும் பிசைந்து சந்தின் மேல் அப்பு அப்பென்று அப்பியது. கிறீச் சத்தம் அமுங்கிப்போனது. டொக், டொக் மட்டும் கும்மென்று கேட்டது.

"இப்பத்தான் சுருதி சேர்ந்துச்சு" என்று மதிலான் தன்னைத்தானே மெச்சிக்கொண்டது.

செய்தி காடு முழுக்கப் பரவியது. மான் வந்தது, முயல் வந்தது, கரடி ஓட்டமாக ஓடி வந்தது. மலை அணில் வந்ததும் மதிலான் எழுந்து நின்று கும்பிட்டு, முன் வரிசையில் உட்கார வைத்தது. மரத்தடியில் அத்திப்பழம் குவிந்தது.

மலை அணில் மூக்கைச் சுருக்கியது. "மதிலான் தம்பி, இந்த மேளத்துல எச்ச வாசனை வருதே?"

"பழைய வாத்தியம், அப்படித்தாண்ணே இருக்கும். உங்களை மாதிரி ரசிகருக்கு நான் சொல்லணுமா?"

அணிலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

மதிலான் தட்டத் தட்ட, மரம் திருப்பித் தட்டியது. தட்டாமல் இருந்தாலும் தானாகவே தட்டியது. கூட்டம் வாயைப் பிளந்து கைதட்டியது. அந்த நேரத்தில் ஆண் இருவாச்சிப் பறவை ஒன்று பெரிய சிறகை அடித்துக்கொண்டு மரத்தை நோக்கி வந்தது. இருவாச்சி பறந்தால் காடே அதிரும்.

"யோவ், கச்சேரி நடக்குது, றெக்கையை அடக்கு" என்று கரடி ஒரு குச்சியை எடுத்து வீசியது.

இருவாச்சி பதில் பேசவில்லை. சுற்றிக்கொண்டு மறுபடி வந்தது. கரடி மறுபடியும் விரட்டியது. நாள் முழுக்க இதே கதைதான். கடைசியில் இருவாச்சி எதிர் மரத்தில் போய் உட்கார்ந்து, கண் கொட்டாமல் அந்தப் பொந்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பாருங்க, வாயே திறக்காம கேக்குது. ரசனைன்னா அதுதான்" என்றது மலை அணில்.

வெயில் சாய்ந்தது. உள்ளே தட்டுகிற சத்தம் மெதுவாகியது. "விளம்ப காலத்துக்கு வந்தாச்சு" என்று அணில் தலையை ஆட்டியது. இன்னும் மெதுவானது. "ஆகா, என்ன மென்மை" என்று மான் கண்ணை மூடியது. பிறகு சத்தம் நின்றுவிட்டது. கச்சேரி முடிந்தது என்று எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.

அப்போதுதான் இருவாச்சி வாயைத் திறந்தது. உள்ளேயிருந்து அத்திப்பழங்கள் பொலபொலவென்று தரையில் கொட்டின.

"அது மேளம் இல்லை, என் வீடு!" என்று இருவாச்சி அலறியது. "உள்ள என் பொண்டாட்டி இருக்கா. கண்ணு திறக்காத குஞ்சு இருக்கு."

கைதட்டல் பாதியில் நின்றது.

"முட்டை வைக்கும்போது எங்க பொம்பளைங்க பொந்துக்குள்ள போய் வாசலைப் பூசிக்குவாங்க. இறகெல்லாம் உதிர்ந்துடும், வெளிய வந்தாலும் பறக்க முடியாது. அந்தச் சந்து வழியா நான் ஊட்டினாத்தான் ரெண்டு பேருக்கும் சோறு. அதைத்தான் இவன் அடைச்சிட்டான்."

"இதைக் காலையிலயே சொல்லியிருக்கலாமே?" என்றது கரடி.

"வாயில இருந்தது அவங்க சாப்பாடு. வாயைத் திறந்தா எல்லாம் கீழே போயிடும். நீங்க எப்பவாவது எழுந்து போவீங்க, ஓடிப் போய் ஊட்டிடலாம்னு இருந்தேன். இப்ப தட்டுற சத்தமே நின்னுபோச்சு. இனி யாருக்காக நான் வாயை மூடிக்கிட்டு இருக்கணும்?"

மலை அணில் அந்த மலையிலேயே பிறந்தது. இப்படிப் பூசிய பொந்தை வருஷா வருஷம் பார்க்கிறது. முன் வரிசையில் உட்கார்ந்த மிதப்பில் அது நினைப்புக்கே வரவில்லை.

மதிலான் பாய்ந்து மரத்தில் ஏறியது. பலாப்பால் கல்லாக இறுகியிருந்தது. நகத்தால் பிறாண்டியது. நகம் பிய்ந்து ரத்தம் வந்தது, அது நிறுத்தவில்லை. சந்து திறந்தது. உள்ளே ஓர் அசைவும் இல்லை.

"அம்மா... அம்மா..." என்று மதிலான் கூப்பிட்டது.

வெகு நேரம் கழித்து ஓர் அலகின் நுனி வெளியே வந்தது. மதிலான் பதறிப்போய் ஒரு பழத்தை நீட்டியது. அலகு சட்டென்று உள்ளே போய்விட்டது.

மதிலான் கீழே இறங்கி ஒதுங்கி நின்றது. ஆண் இருவாச்சி கச்சேரிக்குக் குவிந்த பழத்தைப் பொறுக்கிக்கொண்டு போய் ஒவ்வொன்றாக ஊட்டியது. தாய் முதலில் குஞ்சுக்குக் கொடுத்தது. குஞ்சு விழுங்கியது. அதன் பிறகுதான் தாய் தின்றது.

"தெரியாம செஞ்சுட்டேம்மா" என்று மதிலான் அழுதது.

உள்ளேயிருந்து கம்மிய குரல் வந்தது. "தெரியாமத்தான் செஞ்சே. ஆனா பசி தாங்காம நான் தட்டினப்ப எல்லாம் வெளியே கைதட்டுற சத்தம் கேட்டுச்சு. யாரோ பக்கத்துல இருக்காங்க, எப்படியும் திறந்துவிடுவாங்கன்னு நம்பித்தான் மறுபடி மறுபடி தட்டினேன்."

ஒரு சத்தம் நம் காதுக்கு இனிக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், அதை எழுப்புகிறவருக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும்.