கரையாத உப்புக்கல்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னே, மலைகளுக்கு இன்னும் பெயர் வைக்காத நாளில், காரைநாடு என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அதை ஆண்ட ராஜா இளம்பரிதிக்கு மான் என்றால் உயிர். காடெங்கும் சிதறி மேயும் மான்களை அரண்மனை மாடத்தில் இருந்தபடியே பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

ஒருநாள் கபாடன் என்ற மந்திரவாதி வந்தான். ஒரு கையில் வெள்ளை உப்புக்கல். இன்னொரு கையில் கயிறு. கயிற்றில் தூரதேசத்து மெலிந்த மான்.

"இதை உங்க கையால புல்வெளியில் வையுங்க, மகாராஜா. எல்லா மானும் தேடி வரும். எத்தனை நக்கினாலும் கரையாது."

ராஜா வைத்தான். தூரதேசத்து மான் முதலில் நக்கியது. பிறகு பத்து வந்தன, நூறு வந்தன, காட்டிலிருந்த அத்தனையும் வந்தன.

மூன்று மாதம் போனது. தூரதேசத்து மானுக்கு வயிறு ஒட்டியது, வாய் ஒழுகியது, கண் எதையும் பார்க்கவில்லை. விழுந்தது. அடுத்து இன்னொன்று. வயிறு ஒட்டியது, வாய் ஒழுகியது, கண் எதையும் பார்க்கவில்லை.

வைத்தியர் மருந்து அரைத்தார், பலிக்கவில்லை. பூசாரி படையல் வைத்தார், பலிக்கவில்லை. ராஜா மனசு கேட்காமல் கல்லைச் சுற்றிப் புல்லைக் குவித்தான். மான்கள் முகத்தோடு முகம் உரசித் தின்றன, இன்னும் சீக்கிரம் விழுந்தன. கபாடன் மட்டும் நாளுக்கு நாள் கொழுத்தான்.

அந்த வழியாக உப்பு வண்டி ஓட்டி வந்தார் வேலப்பன். கூடவே மகள் வெட்சி. தாயில்லாத குட்டியாகக் கண்டெடுத்து அவள் பாலூட்டி வளர்த்துக் காட்டில் விட்ட பெண்மான், எப்போதும்போல வண்டியைத் தேடி வந்தது. இப்போது அது சினையாக இருந்தது.

"என்னைக் கட்டிப் போடு வெட்சி," என்றது மான். "இன்னும் நான் அந்தக் கல்லை நக்கல. ஆனா கால் தானா இழுக்குது. நோய் வந்த மானோட எச்சில் கல்லுல இருக்கு. செத்தது கிடந்த மண்ணுல முளைச்ச புல்லைத் தின்னு என் அக்காவும் விழுந்தா. முட்டிப் பார்த்தோம், கல்லு அசையல. வச்ச கைதான் உடைக்கணும்."

வெட்சி மானை வண்டியில் கட்டிவிட்டுக் கல்லைப் போய்ப் பார்த்தாள்.

"அப்பா, உப்புன்னா நக்க நக்கக் குழி விழும். இதுல குழியே இல்ல."

"அப்போ அது உப்பே இல்லடி."

"கல்லு குறையலன்னா, குறையறது எது?"

இருவரும் மான்களின் விலா எலும்புகளைப் பார்த்தார்கள். நேரே அரண்மனைக்குப் போனார்கள்.

வெட்சி சொன்னதைக் கேட்டுக் கபாடன் சிரித்தான். "உப்பு விற்கிற பெண். கரையாத கல்லைக் கண்டால் வயிறு எரியத்தானே செய்யும்?"

"எரியுதுதான் ஐயா. இத்தனை மான் வத்துற ஊருல உங்க வயிறு மட்டும் வளருதே."

ராஜா மாடத்தின் வழியே மான்களைப் பார்த்தான். "உடைத்தால் அவை என்னிடம் வராதே, பெண்ணே."

"வரக் கூடாது, மகாராஜா. உங்க கண்ணு முன்னால நின்னா சாகும். கலைஞ்சு போனா சிலதாவது இருக்கும்."

ராஜா கடப்பாரையை எடுத்துக்கொண்டு புல்வெளியில் இறங்கினான். முதல் அடியில் கபாடனின் வயிறு ஒட்டியது. இரண்டாம் அடியில் வாய் ஒழுகியது. மூன்றாம் அடியில் கண் எதையும் பார்க்காமல் சாம்பலாய் உதிர்ந்தான். பிளந்த கல்லுக்குள் உப்பு இல்லை. தேனடை போல ஓட்டை ஓட்டையாக இருந்தது.

மந்திரக்கட்டு விட்ட மான்கள் திசைக்கு ஒன்றாகப் பிரிந்தன. நோய் கண்டவை பிழைக்கவில்லை. அதற்கு எந்த மந்திரமும் இல்லை.

"உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டான் ராஜா.

"அந்தப் புல்வெளியைச் சுத்தி முள்வேலி. உள்ளே எதுவும் மேயக் கூடாது, உங்க பேரன் காலத்திலும்."

வேலி போட்டார்கள். வெட்சி தன் மானை அவிழ்த்து, ஏழு ஓடை தாண்டி விட்டு, "இனி வண்டியைத் தேடி வராதே" என்று சொல்லிவிட்டு வந்தாள். ராஜா மாடத்துக் கதவைத் தானே சாத்தினான்.

மூன்று மழைக்காலம் கழிந்தது. உப்பு வண்டி மறுபடி வந்தபோது ராஜா வாசலுக்கே வந்துவிட்டான்.

"உன் மானைப் பார்த்தாயா, பெண்ணே?"

"பார்க்கல, மகாராஜா. ஏழாவது ஓடைக்கு அப்பால ஒரு தாய் கூப்பிட்டது. ரெண்டு குட்டி பதில் சொல்லுச்சு."

"போதும்," என்றான் ராஜா. மாடத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.