மருதங்கூத்தன் நட்ட எல்லைக்கல்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்கு ஒரே மகள் இருந்தாள். ஏழு வயதில் விஷக்காய்ச்சலில் போய்விட்டாள். சிரிப்புக் கதை சொல்ல வந்தவன் சாவிலா ஆரம்பிப்பது என்று என்னை வையாதீர்கள். அந்த வருஷம் அந்த நாட்டில் ஆரம்பிக்க வேறெதுவும் இருக்கவில்லை.

"என் குழந்தையைக் கொண்டுபோனது யார்?" ராஜா சோறு தண்ணீர் இல்லாமல் இதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடவுள் சித்தம், மன்னா" என்றார் கோயில் அர்ச்சகர் ஈசான பட்டர்.

"காய்ச்சலின் இயற்கை அது, மன்னா. படித்ததையெல்லாம் செய்து பார்த்தேன். அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை" என்றார் அரண்மனை வைத்தியர் ஆவுடையார்.

தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னதுதான் அவர் செய்த தப்பு. "இயற்கையை அறிந்தவன் என்று இத்தனை நாள் என் சோற்றைத் தின்றவன் சொல்லும் பதிலா இது! மாலைக்குள் இவன் தலையை எடுங்கள்" என்றார் ராஜா.

அரசவை விகடன் மருதங்கூத்தன் குறுக்கே விழுந்தான். "மன்னா, குழந்தையைக் கொண்டுபோனது கடவுளா இயற்கையா என்றே இன்னும் தீரவில்லையே!"

அவன்மேல் நெடுநாளாக வயிற்றெரிச்சல் கொண்டிருந்த அமைச்சர் மழவரையருக்கு வாய்ப்புக் கிடைத்தது. "அப்படியானால் கடவுளுக்கும் இயற்கைக்கும் நடுவில் இவனே எல்லை பிரித்துக் கல் நடட்டும், மன்னா. முடியாவிட்டால் இவன் தலையும் போகட்டும்."

"நடட்டும்" என்றார் ராஜா.

எல்லைக்கல் நட அந்த நாட்டில் ஒரு முறை உண்டு. இரு பக்கத்தாரையும் நிற்கவைத்து, "இந்த இடம் உன்னுடையதா?" என்று மும்முறை கேட்பார்கள். இருவருமே இல்லை என்றால் அந்த இடம் ராஜாவுக்குச் சேரும்.

கூத்தன் கல்லைத் தோளில் தூக்கிக்கொண்டு எல்லோரையும் அழைத்துப் போனான். குழந்தையைப் புதைத்த இடத்தில் கேட்டான். "கடவுளுடையது" என்றார் பட்டர். கை கட்டப்பட்ட ஆவுடையார், "இயற்கையுடையது" என்றார். ஆற்றங்கரையிலும் அதே சண்டை, வயலிலும் அதே சண்டை. மழவரையர் மேல்துண்டால் வாயைப் பொத்திச் சிரித்தார்.

பொழுது சாய்ந்தது. கொலைக்களத்தில் ஆவுடையாரை மண்டியிட வைத்து வாளை உருவினார்கள்.

"பட்டரே, இப்போது விழப்போகும் தலை கடவுள் சித்தமா?" என்று கூத்தன் மும்முறை கேட்டான்.

பட்டர் முப்பது வருஷமாக வைத்தியரோடு மல்லுக்கு நின்றவர்தான். இருந்தாலும், "இல்லையப்பா. இந்தப் பழியைக் கடவுள்மேல் போட மாட்டேன்" என்றார்.

"வைத்தியரே, இது இயற்கையா?" என்று அவரையும் மும்முறை கேட்டான்.

"எனக்கு நோய் ஒன்றுமில்லையே, கூத்தா. இல்லை."

கூத்தன் அங்கேயே குழி தோண்டிக் கல்லை நட்டான். "எல்லை கிடைத்துவிட்டது, மன்னா. குழந்தையின் சாவுக்கு இரண்டு பேர் உரிமை கோருகிறார்கள். அந்த வழக்கு என் ஆயுசில் தீராது. இந்தச் சாவை இருவருமே வேண்டாம் என்கிறார்கள். முறைப்படி இது முழுக்கத் தங்களுடையது."

ராஜா கல்லைப் பார்த்தார். திடீரென்று சிரித்துவிட்டார். மகள் போன பிறகு வந்த முதல் சிரிப்பு அது. பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

"அவிழ்த்துவிடுங்கள். இந்த நிலம் எனக்கு வேண்டாம்."

பொற்காப்பைக் கழற்றிக் கூத்தன் கையில் மாட்டினார். முதலில் கைதட்டியவர் மழவரையர். அவரைப் போன்றவர்கள் அதில் மட்டும் பிந்துவதில்லை.

பிறகு ராஜா, வைத்தியர் பக்கத்தில் வெறும் மண்ணில் உட்கார்ந்தார். "கடைசியில் அவள் என்ன கேட்டாள்?"

"தண்ணீர் கேட்டாள், மன்னா. கொடுத்தேன்."